பதினோராவது கண்ணி

ஏற்காட்டு ஏரிக்கு மேலே இருந்த ஒரு லாட்ஜில் முனியப்பனுக்குத் தோட்ட வேலை. பேர்தான் தோட்ட வேலை. குழாய் அடைத்துக்கொண்டாலும் அவன்தான், ரூமுக்குள் குரங்கு புகுந்தாலும் அவன்தான். எண்பத்தேழாம் வருஷம் தை மாதம், மேனேஜர் அண்ணாதுரை அவனைக் கூப்பிட்டு, மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறையை ஒழித்துக் குப்பையைக் கொளுத்தச் சொன்னார். அந்தக் குப்பையில் மூன்று எலெக்ட்ரிக் கித்தார்கள் கிடந்தன. சீசனுக்கு வருகிறவர்கள் ஆடிப்பாடட்டும் என்று முதலாளி எங்கேயோ மலிவாகப் பிடித்து வந்தவை. வாங்கிய நாளிலிருந்து பத்துப் பேர் எடுத்துத் தட்டியிருப்பார்கள், ஒருத்தருக்கும் ஒரு பாட்டும் வந்ததில்லை. மூன்று மழைக்காலம் கூரை ஒழுகியதில் ஒட்டுப்பலகை தண்ணீர் குடித்து ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. கூடவே ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கம்பிகள், காகித உறை பிரிக்காமல் அப்படியே இருந்தன.

இரும்பும் பித்தளையும் இருக்கிற சாமானைக் கொளுத்த முனியப்பனுக்குக் கை வரவில்லை. பழைய மெத்தைகளை மட்டும் கொளுத்திவிட்டு, கித்தார்களைச் சாக்கில் கட்டி, ஊர்ப்பக்கம் வாடகை ஜீப் ஓட்டும் சேகரோடு கொட்டச்சேடு வரை வந்து, அங்கிருந்து தலைச்சுமையாக ஊருக்குக் கொண்டுபோனான். கொட்டச்சேட்டுக்கு மேலே, காப்பித் தோட்டங்கள் முடிந்து மூங்கில் தொடங்குகிற இடத்தில் முப்பது வீடுகள். அதுதான் அவன் ஊர்.

வாசலில் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தபோது மாதம்மாள் விறகோடு வந்தாள்.

"ஏனுங்க, பொணத்த அறுத்துப் போட்ட மாதிரி இதென்னத்தப் பரப்பி வெச்சிருக்கீங்க?"

"கித்தாரு புள்ள. கரண்டுல பாடுற கித்தாரு."

"நம்மூருக்கே கரண்டு வருல. இது எங்க பாடப் போவுது?"

"பாட வேண்டாம். ஒழைக்கட்டும்."

உழைக்கத்தான் செய்தது. முனியப்பனுக்குச் சும்மா கிடக்கிற பொருளைப் பார்த்தால் தூக்கம் வராது. கித்தாரின் கழுத்தில் குறுக்கே வரிவரியாகப் பதித்திருந்த உலோகக் கட்டைகளில் மக்காச்சோளக் கதிரை வைத்து இழுத்தால் மணி பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு மத்தியானத்தில் மாதம்மாள் இரண்டு மூட்டை உதிர்த்துவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம், எதுக்குப் பாட்டுப் பாடவெச்சானுங்க," என்றாள். கம்பியை முறுக்குகிற காதுகளை வாசல் தூணில் அடித்து, துணிக்கொடியை அதில் சுற்றிவிட்டான். கொடி தொய்ந்தால் காதைத் திருகினால் போதும். பாட்டைப் பிடிக்கிற கறுப்புப் பெட்டிக்குள் காந்தம் இருந்தது. அதை நிலைப்படியில் பதித்ததும் அரிவாளும் கத்தியும் சொன்ன பேச்சுக் கேட்டு ஒட்டிக்கொண்டு நின்றன. சத்தத்தைக் கூட்டுகிற குமிழ் சோற்றுச்சட்டி மூடிக்குக் கைப்பிடி ஆயிற்று. தோளில் மாட்டுகிற பட்டை கன்றுக்குட்டிக்குப் போயிற்று. உள்ளே இருந்த திருகுகளை பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஏசுராஜ் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அவர்கள் வீட்டு டிரான்சிஸ்டரைப் பேசவைத்துக் கொடுத்தான். திருகைக் கொடுத்த முனியப்பன் அதன் நட்டைக் கொடுக்கவில்லை. அது எதற்கென்று அப்போது அவனுக்கே தெரியாது.

கடைசியில் மிஞ்சியவை கம்பிகள்தான்.

குச்சிக்கிழங்கு நட்ட காட்டைப் போன வருஷம் பன்றிகள் மூன்று நாளில் உழுது போட்டுவிட்டன. ஆறு மாதத்துப் பாடு. தகரம் தட்டினார்கள், வெடி போட்டார்கள், பழைய சேலைகளைக் கட்டிவிட்டார்கள். பன்றிகள் சேலைக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டுப் போயின. இந்த வருஷமும் கிழங்கு போனால் ஆனியில் பிரசவத்துக்கு வரப்போகிற மகள் குப்பாயியை வைத்துக் கஞ்சி ஊற்ற வழியில்லை. அதனால் முனியப்பன் கித்தார்க் கம்பிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது மாதம்மாள் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமில்லை, மூன்று மூன்று கம்பியாகச் சேர்த்து அவன் முறுக்கியபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான்.

கண்ணி வைப்பது அந்த ஊருக்குப் புதிதில்லை. காட்டுக்கொடியிலும் சைக்கிள் பிரேக் கம்பியிலும் வைப்பார்கள். கொடியை மிருகம் கடித்துவிடும். பிரேக் கம்பி இரண்டு மழையில் துருப்பிடித்து இற்றுவிடும். இது அப்படி இல்லை. துருவே ஏறாது, இழுத்தால் நீளாது. நட்டை ஒரு முனையில் கட்டி அதற்குள் மறுமுனையைக் கோத்தால் சுருக்கு எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. மூங்கிலை வளைத்து, கயிற்றில் கம்பியைக் கட்டி, கொக்கியில் மாட்டிவிடுவான். கம்பியைத் தொட்டு இழுத்தால் கொக்கி நழுவும். மூங்கில் நிமிரும். அவ்வளவுதான். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால் வைத்தவன் கண்ணுக்கே தெரியாது. அப்படிப் பதின்மூன்று வைத்தான்.

வைத்தவன் அடையாளம் போடவேண்டும் என்பது ஊர்க்கட்டு. கண்ணிக்கு இரண்டு பக்கமும், மூன்று எட்டு தள்ளி, நிற்கிற புல்லை அப்படியே சேர்த்து முடிச்சுப் போட்டுவிடவேண்டும். அதற்குப் புல்முடி என்று பேர். புல்முடியைப் பார்த்தால் குழந்தைகூடச் சுற்றிக்கொண்டு போகும். முனியப்பனும் ஒழுங்காகத்தான் போட்டான்.

மாசியில் முதல் பன்றி விழுந்தது. முப்பது வீட்டிலும் அன்று கறி. ஊர்க்கவுண்டர் வெங்கடாசலமே ஆள் அனுப்பி இன்னும் ஒரு பங்கு வாங்கிக்கொண்டார். எல்லாரும் கம்பியைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். திரும்ப வைப்பதற்காக மாதம்மாள் அதைக் கழுவக் கொண்டுபோனாள். எலும்பு வரை இறங்கிய கம்பி. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியதும் ஒன்றும் நடக்காத மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது. அவளுக்கு முதல்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான்.

பங்குனியில் நாய் மாட்டியது. மாதம்மாளின் தம்பி அம்மாசி வளர்த்த நாய். புல்முடி நாய்க்குத் தெரியுமா? அம்மாசி அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து அக்காள் வாசலில் இறக்கினான். முன்னங்கால் இருந்த இடத்தில் இல்லை.

"மச்சான், இது கண்ணி இல்ல. இது வேற என்னமோ," என்றான். "பழைய கண்ணின்னா நாயி ஒரு பொழுது கத்தும், நாம போயி அவுத்து உட்டுருவம். இது கத்தக்கூட உடல பாருங்க."

"வேணும்னா வெச்சேன்? கெழங்கக் காப்பாத்த வெச்சேன் மாப்பள."

"கெழங்கு போனா மறுக்கா நடலாமுங்க."

"நடறவன் நான். உனக்கென்ன, எஸ்டேட்டுல ரைட்டரு பேரு கூப்புட்டா மாசம் பொறந்தாக் கூலி வருது."

அம்மாசி நாயைத் தூக்கிக்கொண்டு நேராகச் சாவடிக்குப் போனான். அன்று பொழுது சாயும் முன்னே ஊர் கூடியது. கவுண்டர் எல்லாக் கண்ணியையும் எடுத்துவிடச் சொன்னார். முனியப்பன் சாமி பேரைச் சொல்லி, "எடுத்துடறேனுங்க," என்றான். மறுநாள் காட்டுக்குப் போய்விட்டு வந்தபோது அவன் கையில் இரண்டு சுருக்குகள்தான் இருந்தன.

"மிச்சம்?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"ஊருப் பக்கமா இருந்தது ரெண்டும் எடுத்தாச்சு. மிச்சம் பதினொண்ணும் மேல, மூங்கக் காட்டோரம். அங்க ஆரு போறா? நோம்பிக்கு முன்னால எடுத்துக்கலாம்."

"சாமி பேரச் சொல்லிப்போட்டு வந்தீங்களே."

"சாமிக்கும் கெழங்கு படைக்கோணுமில்ல," என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கிழங்குச் செடி இடுப்பளவு வளர்ந்து நின்றது, ஒரு செடி சாயவில்லை. அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

சித்திரையில் மலையுச்சிச் சாமிக்கு எடுக்கிற திருவிழாதான் நோம்பி. ஊரே வெறுங்காலோடு விடியக்காலையில் மேலே ஏறும். அதற்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் போய்த் தடம் செதுக்குவார்கள். தடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆள் நீளத்துக்குப் புல்லை அறுத்து ஒதுக்கிவிட்டு வருவது வழக்கம். செதுக்கப் போகும் முன்பு கவுண்டர் சாவடியில் நின்று மூன்று தடவை கேட்பார். யாரும் பேசாவிட்டால் காடு சுத்தம் என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் புல்முடியைத் தேடிப் பார்க்கமாட்டார்கள்.

செதுக்குவது திங்கட்கிழமை என்றுதான் பேச்சு. முனியப்பன் ஞாயிற்றுக்கிழமை வந்து கண்ணிகளை எடுத்துக்கொள்வதாகச் சேகரிடம் சொல்லியனுப்பியிருந்தான். சீசன் நேரம், லாட்ஜில் ஒரு நாள் விட்டால் பெரிய காரியம். ஆனால் எஸ்டேட்டில் திங்கட்கிழமை லீவு கொடுக்கமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலையிலேயே கவுண்டர் ஆட்களைக் கூட்டிவிட்டார். முனியப்பன் வீட்டு ஆளாக அரிவாளோடு மாதம்மாள் போனாள்.

"காட்டுல ஆரு கண்ணியாச்சும் இருக்குதா? இருந்தாச் சொல்லிப்போடுங்க!"

சொன்னால் என்ன ஆகும் என்று மாதம்மாளுக்குத் தெரியும். சாமி பேரில் பொய் சொன்னவன் வீட்டுக்கு ஊரில் நெருப்புக் கிடையாது, தண்ணீர் கிடையாது. பிரசவத்துக்கு வருகிற மகளைத் தொட ஒருத்தியும் வரமாட்டாள். எதிரில் அம்மாசி நின்றான். அவன் அவளையே பார்க்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது.

"ரெண்டாந்தடவ கேக்கறேன்!"

மூங்கில் காட்டோரம்தானே, தடத்தில் இல்லையே, புல்முடியும் இருக்கிறதே, நாளைக்கு அவரே வந்து எடுத்துவிடுவாரே என்று நினைத்துக்கொண்டாள்.

"மூணாந்தடவ!"

ஒருவரும் பேசவில்லை. மாதம்மாளும் பேசவில்லை. வேலை தொடங்கியது. புல்முடிகளை அறுக்காமல் விட, தடம் மூங்கில் காட்டை ஒட்டித் திரும்பும் மேல் வளைவுப் பக்கம் போய்விடலாம் என்று அவள் பார்த்தாள், அவளைக் கீழே பாறைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். இளவட்டங்கள் மேலே போய்ச் சளைக்காமல் அறுத்தார்கள். மழை வரும் போலிருந்ததால் அறுத்த புல்லை வாரி அங்கங்கே ஓரமாகக் குவித்துவிட்டு இறங்கினார்கள். புல்லோடு புல்முடிகளும் போயின.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்த முனியப்பன் மேலே போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது.

"ஆரு செதுக்கச் சொன்னா? திங்கக்கெழமன்னு சொன்னாங்களே!"

"நேத்தே செதுக்கிட்டாங்க."

"கவுண்டரு கேட்டாரா?"

"கேட்டாரு. மூணு தடவையும் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்லட்டும்? நீங்க சொல்லிவெச்சுட்டுப் போனதத்தான் நானுஞ் சொன்னேன். ஒண்ணுஞ் சொல்லல."

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேல் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து புறப்பட்டுப் போனார்கள். விறகுக்குப் போகிற மாதிரி அவள் கயிறு எடுத்துக்கொண்டாள்.

தன் கையால் வைத்ததைத் தானே தேடுவது எவ்வளவு கேவலம் என்று முனியப்பனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். புல்முடியை நம்பி வைத்தவன், மரத்தையோ பாறையையோ அடையாளம் வைத்துக்கொள்ளவில்லை. போன வாரத்துக் காற்றில் மூங்கில்கள் சாய்ந்து கிடந்தன. அவன் வளைத்தது எது, காற்று வளைத்தது எது என்று பிரிக்கமுடியவில்லை. நீளக் குச்சியால் தரையைத் தட்டித் தட்டி நடந்தார்கள். ஒவ்வொரு கண்ணியும் வெடுக்கென்று குச்சியைப் பிடுங்கிக்கொண்டு மேலே போகும்போது மாதம்மாளுக்கு உயிர் போய்த் திரும்பியது. இருட்டும் முன் ஏழு. திங்கட்கிழமை காலையில் மூன்று. பத்து ஆயிற்று.

பதினோராவது கிடைக்கவில்லை.

"எங்க வெச்சீங்க, நல்லா நெனச்சுப் பாருங்க," என்று அவள் நூறு தடவை கேட்டிருப்பாள்.

"வளவுக்கு மேலயா கீழயான்னுதான் புடிபட மாட்டேங்குது. பன்னி தட்டிட்டுப் போயிருக்கும் புள்ள. அப்புடித்தான் இருக்கும்."

"கவுண்டருகிட்டச் சொல்லிப்போடலாமுங்க. பத்துப் பேரு தேடுனா ஒரு மணி நேரத்துல கெடச்சுப்போவும்."

"சொல்லி? நோம்பி நின்னுபோவும். சாமி பேருல பொய் சொன்னவன்னு நாளைக்கே ஒதுக்கி வெச்சுருவாங்க. குப்பாயி பிரசவத்துக்கு ஆரு வருவா? அவ மாமியா ஊட்டுல என்னன்னு நெனப்பாங்க? வேண்டாம். நாளைக்கு நான் எல்லாருக்கும் முன்னால நடக்கறேன். தடத்த ஓரம் உடாம மிதிச்சுட்டுப் போறேன். மாட்டுனா என் காலு மாட்டட்டும்."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். நாயின் கால் மாதம்மாளின் கண்முன் வந்து நின்றது. அழுதாள். ஆனால் எழுந்து கவுண்டர் வீட்டுக்குப் போகவில்லை.

சாயங்காலம் புகுந்த ஊரான கிளியூரிலிருந்து குப்பாயி நோம்பிக்கு வந்து சேர்ந்தாள். ஏழு மாத வயிறு. கூடவே ஒரு கூடை பலாச்சுளை. வந்ததும் வராததுமாகத் துணிக்கொடியின் காதைத் திருகிப் பார்த்துச் சிரித்தாள். பலாச்சுளையைப் பிரித்து வைத்துக்கொண்டு, மாமியார் செய்யும் வேடிக்கைகளையெல்லாம் நடித்துக் காட்டினாள். மாதம்மாள் ராகிக் களி கிளறி, கொள்ளு கடைந்து போட்டாள். முனியப்பன் உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு தொடாமல் இருந்தான்.

"நாளைக்கு நீ ஊட்டுலயே இரு கண்ணு. மேல ஏற வேண்டாம்," என்றான்.

"ஏனுங்கப்பா? வயித்துப்புள்ளக்காரி மூங்க வளவு வரைக்கும் வந்து கும்புட்டுட்டு எறங்கோணும், அப்பத்தான் சொகப் பிரசவம்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"வேண்டாஞ் சாமி. வெயிலு சாஸ்தி."

"வெடியால என்னப்பா வெயிலு?" என்று அவள் அம்மாவைப் பார்த்தாள். "என்னம்மா, அப்பா ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

மாதம்மாள் குழம்பு ஊற்றுகிற சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடியலில் பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை, பறைச்சத்தம் மட்டும் கேட்டது. முனியப்பன் பறைக்கும் முன்னால் போய் நின்றான்.

"என்னடா முனியப்பா, நீ எப்பவும் கடைசியில பீடி குடிச்சுட்டு வர்றவன், இன்னைக்கு முன்னால?" என்றார் கவுண்டர்.

"வேண்டுதலுங்க."

சனங்கள் நடந்தார்கள். முன்னால் முனியப்பன் தடத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் காலைத் தேய்த்துத் தேய்த்துப் போனான். பார்த்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு கிழவி அவன் மிதித்த மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதம்மாள் பெண்கள் வரிசையில் குப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் கால் விழுகிற ஒவ்வொரு இடத்தையும் பார்த்துக்கொண்டு நடந்தாள். பாறை தாண்டியது. ஓடை தாண்டியது. மூங்கில் வளைவு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. முனியப்பன் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத தெளிவு இருந்தது. அவளுக்கும் மூச்சு வந்தது. மகளின் கையை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வளைவில்தான் சாமிப்பெட்டி முன்னுக்கு வரும். அதுவரை சனங்கள் முன்னால், பெட்டி பின்னால். வளைவுக்குமேல் பெட்டி முன்னால், சனங்கள் பின்னால். பெட்டி கடக்கும்போது தடத்தில் யாரும் நிற்கக்கூடாது. பூசாரி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "வழி!" என்று கத்தினார். இருநூறு பேரும் தடத்தை விட்டு இரண்டு பக்கமும் இறங்கினார்கள்.

வருஷா வருஷம் இறங்குகிறார்கள். அவளும் இறங்கியிருக்கிறாள். முனியப்பனும் இறங்கியிருக்கிறான். தடத்தை ஓரம் விடாமல் மிதித்தும், இந்த இடத்தில் யாருமே தடத்தில் நிற்கமாட்டார்கள் என்பது இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை. குப்பாயி அம்மாவை விட்டுக் கொஞ்சம் தள்ளி மூங்கில் பக்கமாக, அறுத்துக் குவித்த புல்லின்மேல் இறங்கி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்க!" மாதம்மாளின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "ஆரும் காலெடுக்காதீங்க! இங்க கண்ணி இருக்குது! கித்தாருக் கம்பிக் கண்ணி!"

பறை நின்றது. இருநூறு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். எடுத்த காலை வைக்காமல் பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு. பூசாரி தலையில் பெட்டியோடு தடத்தின் நடுவில் நின்றார். பனி மட்டும் மூங்கிலுக்குள்ளிருந்து வந்து ஆட்களுக்கு இடையில் போய்க்கொண்டிருந்தது.

"எந்தக் கண்ணி?" என்றான் அம்மாசி. அவன் குப்பாயிக்கு ஐந்தாறு எட்டு தள்ளி நின்றான். "எடுத்துடறேன்னு மச்சான் சாமி பேரச் சொன்னாரே அக்கா?"

"எடுக்கல. பொய்யி. பத்துத்தான் எடுத்தோம். ஒண்ணு இங்கதான் எங்கயோ இருக்குது."

முனியப்பன் மேலேயிருந்து இறங்கி வந்தான். யாரும் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. தடத்தோரத்தில் முழங்கால் போட்டு, புல்லுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவத் தொடங்கினான். பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்தவர்கள் அசையாமல் நின்று குனிந்து பார்த்தார்கள். அவன் ஒவ்வொரு காலாகத் தொட்டுத் தாண்டிப் போனான்.

"அப்பா," என்றாள் குப்பாயி. மெதுவாகத்தான் சொன்னாள். "எங்கால்ல என்னமோ சுத்தியிருக்குது."

அவன் தவழ்ந்து போனான். புல்லை ஒவ்வொரு தாளாக விலக்கினான். கம்பி அவளுடைய கணுக்காலுக்கு மேலே வளையம் போட்டிருந்தது. இன்னும் இறுகவில்லை.

"மாப்பள, மூங்கலப் புடிச்சுக்க முடியுமா?"

அம்மாசி தலையை நிமிர்த்திப் பார்த்தான். நாற்பது மூங்கில் வளைந்து நின்றது. "எந்த மூங்கலு மச்சான்?"

முனியப்பனும் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. கயிறு புல் குவியலுக்குள் எங்கேயோ ஓடியது. குவியலை அசைத்தால் கம்பி அசையும். குப்பாயியின் கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நட்டு தன் இடத்தில் லேசாக ஆடியது.

"கண்ணு, அப்பனப் பாரு. கீழ பாக்காத. மொதல்ல எங்கையி உள்ள போவட்டும். நான் சொன்னதும் காலப் பின்னால உருவு. மேல தூக்காத, பின்னால."

"உங்க கையி?"

"அப்பன் சொன்னாக் கேக்கோணும்."

வலது கையை வளையத்துக்குள், அவள் காலை ஒட்டி, மணிக்கட்டு வரை செருகினான். விரல்களை விரித்துக் கம்பியை அவள் தோலிலிருந்து தள்ளிப் பிடித்தான்.

"உருவு."

சத்தம் பெரிதாக இல்லை. மூங்கில் இலைகள் சலசலத்தன, அவ்வளவுதான். குப்பாயி பின்னால் உட்கார்ந்து விழுந்தாள். அவள் காலில் ஒரு கீறல் இல்லை. முனியப்பன் பாதி எழுந்து, கை தலைக்குமேலே தூக்கப்பட்டு, நுனிக்காலில் நின்றான். அவன் கத்தவில்லை. சட்டைக் கைக்குள் ரத்தம் இறங்கி இடுப்பு வரைக்கும் வந்தது.

"இன்னும் எத்தன?" என்றார் கவுண்டர்.

"இதோட சரிங்க," என்றான் முனியப்பன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. "பதினொண்ணுங்க. இதோட பதினொண்ணு."

யாரும் காலை எடுக்கவில்லை. அம்மாசி ஐந்து எட்டில் நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அவனும் எடுக்கவில்லை. சாமி பேரைச் சொல்லி ஒரு தடவை எடுத்துவிடுகிறேன் என்றவன்தான் இப்போதும் சொல்கிறான்.

கவுண்டர் மாதம்மாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அன்னைக்குச் சாவடியில மூணு தடவ கேட்டேன், நீ வாயத் தொறக்கல. இப்பச் சொல்லு. பதினொண்ணுதானா?"

அவளுக்குத் தெரியாது. வைத்தபோது அவள் கூடப் போகவில்லை. பதின்மூன்று வைத்தேன் என்று அவன் சொன்னான், இரண்டு போக மிச்சம் பதினொன்று என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அவளிடம் இருந்தது அவன் பேச்சு ஒன்றுதான்.

"பதினொண்ணுதானுங்க," என்றாள்.

அப்படியும் ஒருவரும் அசையவில்லை. பூசாரியின் கூடையில் தேங்காய் உடைக்கிற அரிவாள் இருந்தது. கயிற்றை அறுக்க மாதம்மாள் அதை எட்டி எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் பத்து எட்டுத் தூரம், முழுக்கப் புல். சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் முதல் காலை எடுத்து வைத்தாள். பிறகு அடுத்த காலை வைத்தாள். பின்னால் ஒரு காலடிச் சத்தமும் கேட்கவில்லை.